நகோனில் ஒரு சாப்பாட்டுக் கடை

பாங்காக்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? "அங்கே என்னதான்டா சாப்பிடுகிறாய்" என்று போனில் கேட்டாய். அது போனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை.

பாங்காக் சாப்பாட்டில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல், தித்திப்பு. நூடுல்ஸ் கடை மேஜையில் மிளகாய்த் தூளுக்குப் பக்கத்திலேயே சர்க்கரையும் இருக்கும். ஆளுக்கு ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, வரும் வழியில் ஒரு தோசை தின்றால்தான் என் நாக்கு அடங்கும். ஆபீஸில் தெற்குத் தாய்லாந்துக்கார அம்மா ஒருவர், "எங்கள் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பேசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன வாரம் நகோன் சி தம்மராத் போனேன். தெற்கே 800 கிலோமீட்டருக்கு மேல். மாலையில் ரயில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கலாம். சத்தியமாகச் சாப்பாட்டுக்காகப் போகவில்லை. அங்கே அருங்காட்சியகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. மேற்குக் கரையில் தகுவா பா என்ற ஊரில் கிடைத்தது, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குளம் வெட்டி, அதற்கு அவனிநாரணம் என்று பெயர் வைத்து, மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் பொறுப்பில் விட்டதைச் சொல்கிறது. அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்தவன் இங்கே என்னத்தைச் சாப்பிட்டிருப்பான் என்று யோசித்தபடி வெளியே வந்தேன். எனக்கும் நல்ல பசி.

மகாதாது என்ற புத்தர் கோயில் பக்கமாக நடந்தபோது சந்துக்குள் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகைகூட இல்லை, ஆனால் உட்கார இடம் இல்லை. கனோம் சீன் என்ற அரிசி நூடுல்ஸ் கடை. அதை நம் இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள். ஆனால் ஆவியில் வேகவைப்பதில்லை. அரிசியை ஊறவைத்துப் புளிக்கவிட்டு அரைத்து, அந்த மாவைக் கொதிக்கிற தண்ணீரில் நேராகப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசிச் சுருட்டி வைக்கிறார்கள். லேசான புளிப்பு இருக்கும். வரிசையாகப் பானைகள். எதைக் கைகாட்டுகிறோமோ அதை மேலே ஊற்றுவார்கள்.

முதலில் 'நாம் யா' என்ற குழம்பு. மீனை வேகவைத்து இடித்து, மஞ்சள், காய்ந்த மிளகாய், எலுமிச்சைப்புல் எல்லாம் அரைத்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டது. பேருக்குக்கூடத் தித்திப்பு இல்லை, அக்கா! அப்புறம் கேங் தை ப்லா. மீன் குடலை உப்புப் போட்டு ஊறவைத்துச் செய்கிற குழம்பு. வாடை ஆளைத் தள்ளும். காரமோ, காது வழியாகப் புகை வரும். கடைக்கார அம்மா நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வெள்ளரிக்காயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்தக் காய்த் தட்டைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மேஜைக்கு மேஜை பச்சையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள்: காராமணி, முளைப்பயறு, முந்திரிக் கொழுந்து, ஊறுகாய்க் கீரை, பிறகு சதோ என்று நாற்றமெடுக்கிற ஒரு கொட்டை. எவ்வளவு தின்றாலும் தனிக் காசு கிடையாது. முந்திரிக் கொழுந்து துவர்ப்பு. காரக் குழம்போடு கடித்தால் அவ்வளவு பொருத்தம். நம் ஊரில் இத்தனை முந்திரித் தோப்பு இருந்தும் யாருக்கும் இது தோன்றாமல் போனது எப்படி? இரண்டு தட்டும் ஒரு பனைவெல்லத் தண்ணீரும் சேர்த்து ஏறக்குறைய நூறு பாட் (தாய்லாந்துப் பணம்)தான் வந்தது. பாங்காக்கில் குளிர்சாதனக் கடையில் ஒரு காப்பியே அந்த விலை.

ஆபீஸ் அம்மாவிடம் சொன்னேன். "காவ் யாம் சாப்பிட்டாயா?" என்றார். அது சோற்றில் பச்சைக் காய்களைப் பிசைந்து சாப்பிடுகிற தெற்கத்திச் சாப்பாடு. இல்லை என்றதும், அப்படியானால் நீ போனதே கணக்கில்லை என்றுவிட்டார். சரி, மறுபடி போக ஒரு சாக்கு.

மே மாதம் நீங்கள் வந்தால் சேர்ந்தே போகலாம். உன் மாமியாருக்குத்தான் யோசனையாக இருக்கிறது. சைவ உணவு என்று கேட்டாலும் மீன் சாஸை ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் கொடி கட்டிய 'ஜே' கடை, அதாவது சுத்த சைவக் கடை என்றால் பயமில்லை, அங்கே வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. ரயிலில் அவருக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும், அது சீக்கிரம் நிரம்பிவிடும். தேதி முடிவானதும் உடனே சொல்.

அன்புடன்,
உன் தம்பி