டபிள்யூடபிள்யூஇ நிர்வாகத்துக்கு ஒரு ரசிகனின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய டபிள்யூடபிள்யூஇ, டிகேஓ நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மல்யுத்த நிகழ்ச்சிகள் நடத்தும் நீங்கள், 2023 செப்டம்பர் 12 அன்று கூண்டுச் சண்டை நடத்தும் யூஎஃப்சியோடு இணைந்து டிகேஓ என்ற ஒரே நிறுவனம் ஆனீர்கள். ஒன்பதே நாளில் உங்கள் வீரர்களான டால்ஃப் ஜிக்லர், முஸ்தஃபா அலி, ஷெல்டன் பெஞ்சமின் என்று வரிசையாக வீட்டுக்கு அனுப்பினீர்கள். ஜிக்லர் உங்களிடம் சேர்ந்தது 2004-இல். 2025 மே மாதமும் அதே கதைதான்; பிரான் ஸ்ட்ரோமேன், டகோட்டா காய், ஷேனா பேஸ்லர். உங்கள் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியா முடிந்தாலே அடுத்து யார் தலை உருளப்போகிறதோ என்று பயப்படும்படி எங்களைப் பழக்கிவிட்டீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ரிங்கில் இறங்குகிறவர்களை உங்கள் ஊழியர்கள் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு முழு மருத்துவக் காப்பீடு கொடுங்கள்.

அவர்கள் தனி ஒப்பந்தக்காரர்கள் என்பது உங்கள் நெடுநாள் வாதம். ரிங்கில் அடிபட்டால் சிகிச்சைச் செலவை ஏற்கிறீர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் மற்ற நோய்நொடிக்கு அவரவர் காப்பீடு அவரவர் பாடு. சரி, தன் தொழிலைத் தானே நடத்துகிறவர் என்றால் அவர் இஷ்டப்படி நடக்க விடவேண்டும் அல்லவா? எந்த ஊரில் யாரிடம் தோற்கவேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்கள். அவர் கூப்பிடப்படும் பெயர்கூடப் பெரும்பாலும் உங்கள் சொத்து. வேலையை விட்டு அனுப்பிய பிறகும் 90 நாள் வேறு கம்பெனியில் சண்டை போடக்கூடாது என்கிறீர்கள்.

2020-இல் இன்னும் ஒரு படி மேலே போனீர்கள். வீடியோ கேம் விளையாடுவதை நேரலையில் காட்டும் ட்விட்ச், ரசிகர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு வாழ்த்து வீடியோ அனுப்பும் கேமியோ போன்ற தளங்களில் சொந்தமாகச் சம்பாதிப்பதற்கும் தடை போட்டீர்கள். அந்த நவம்பர் 13 அன்று உங்கள் வீராங்கனை ஜெலினா வேகா, தொழிற்சங்கம் அமைப்பதை ஆதரிப்பதாக ட்விட்டரில் எழுதினார். அவரை நீக்கிய அறிவிப்பும் அதே நாளில் வந்தது. கொரோனாவில் வெளியூர் நிகழ்ச்சிகள் நின்றுபோயிருந்த நேரம் அது. ஓய்ந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடிச் சம்பாதிப்பதற்கும் உங்கள் அனுமதி வேண்டும் என்றால், அவர் உங்கள் ஊழியர் இல்லாமல் வேறு யார்? மறு ஆண்டு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

இங்கே சின்ன வயதில் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு சேர்த்து, யாருக்கு எத்தனை கிலோ எடை என்று மனப்பாடம் செய்து வளர்ந்த கூட்டம் நாங்கள். "எல்லாம் டூப்புடா" என்று வீட்டில் சொல்லாதவர் கிடையாது. 1998 ஜூன் 28 அன்று 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து உங்கள் வீரர் மிக் ஃபோலி கீழே வந்து விழுந்தாரே, அது டூப்பா? உடைந்த பல் மூக்கில் ஏறியிருக்க, மனுஷன் எழுந்து நின்று ஆட்டத்தை முடித்தார். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கலாம், விழுகிற முதுகு நிஜம். அதனால்தான் இந்தக் கலையை விடமுடியவில்லை. அதனால்தான் ஆத்திரமும் வருகிறது.

1999 மே 23, கன்சாஸ் சிட்டி. அரங்கக் கூரையிலிருந்து ரிங்குக்குக் கயிற்றில் இறக்கும்போது உங்கள் வீரர் ஓவன் ஹார்ட் விழுந்து செத்தார். வயது 34. அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அதே ரிங்கில் அடுத்த ஆட்டத்தை நடத்தினீர்கள். அரங்கில் இருந்தவர்களுக்கு அவர் இறந்த செய்தியைக்கூடச் சொல்லவில்லை. இன்னொரு வீரர் எடி கெரேரோ 38 வயதில் ஓட்டல் அறையில் இறந்த பிறகுதான், 2006-இல், முறையான உடல்நலப் பரிசோதனைத் திட்டம் வந்தது. தலையில் நாற்காலியால் அடிப்பது நிற்க 2010 ஆனது. ஒவ்வொரு சீர்திருத்தத்துக்கும் முன்னால் ஒரு சாவு விழவேண்டுமா?

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் வாராந்திர 'ரா' நிகழ்ச்சிக்காக நெட்ஃபிளிக்ஸ் 10 ஆண்டுக்குத் தர ஒப்புக்கொண்டது 500 கோடி டாலருக்கும் மேல். சவூதி அரேபியாவில் நிகழ்ச்சி நடத்துவதற்கு வரும் பணம் தனி.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோரிக்கையை மாற்றிக்கொள்ள மாட்டேன். அடுத்து கையெழுத்தாகும் ஒப்பந்தத்திலிருந்தே அவர்களை ஊழியர்களாகச் சேருங்கள். அவர்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவக் காப்பீடு கொடுங்கள். சங்கம் வைக்க விரும்பினால் தடுக்காதீர்கள். இதைத் தயவுசெய்து உங்கள் இயக்குநர் குழுவில் பேசி, முடிவை ரசிகர்களான எங்களுக்கும் தெரியப்படுத்தும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு ரசிகன்