எத்தனை வயதுக்குள், யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், ‘பி.ஆர்.சி.ஏ. மரபணு உள்ள பெண்களில் 87 சதவீதம் பேருக்கு மார்பகப் புற்றுநோய் உறுதி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அந்த மரபணு (1, 2 என இரண்டு உண்டு) நம் எல்லோருக்கும்தான் இருக்கிறது, ஆண்களுக்கும் சேர்த்து. அதில் தீங்கான பிறழ்வு, அதாவது மாற்றம், இருந்தால்தான் சிக்கல். இது தங்களுக்குத் தெரியாததல்ல. அச்சுக்குப் போகும் அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். ஆனால் 87-ஐ அப்படி விட முடியவில்லை.

2013இல் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி, தனக்கு மருத்துவர்கள் சொன்ன அபாயம் என்று எழுதிய எண் அது. ஒரு பெண்ணுக்குச் சொன்ன மதிப்பீட்டை ஊருக்கெல்லாம் பொதுவாக்கிவிட்டீர்கள். 85ஐ ஒட்டிய கணக்குகள் 1990களின் நடுவில் வந்தவை. மரபணுவைத் தேடிப்பிடிக்க, நான்கு பேருக்காவது நோய் கண்ட குடும்பங்களாகப் பார்த்துத் திரட்டிய காலம் அது. கல்யாண மண்டப வாசலில் நின்றுகொண்டு, ஊரில் எத்தனை பேர் பட்டுச் சேலை கட்டுகிறார்கள் என்று எண்ணினால் எண் வீங்காமல் என்ன செய்யும்?

வீக்கத்தைக் குறைக்க வழி கண்டார்கள். வாஷிங்டன் வட்டாரத்தில், குடும்பத்தில் நோய் உண்டா என்று பார்த்துப் பொறுக்காமல், 5,318 யூதத் தன்னார்வலர்களின் விரல் நுனி ரத்தத்தை எடுத்து, அவர்களிடையே பரவலான 3 பிறழ்வுகளைத் தேடினார்கள். 120 பேரிடம் இருந்தது. பிறகு அவர்களுடைய தாய், சகோதரிகளுக்கு எந்த வயதில் நோய் வந்தது என்பதை, பிறழ்வு இல்லாதவர்களின் உறவினரோடு ஒப்பிட்டார்கள். பிறழ்வு உள்ளவரின் தாய்க்கும் அது இருக்க ஏறத்தாழப் பாதி வாய்ப்பு. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு, ரத்தமே எடுக்காத உறவினரின் அபாயத்தைக் கணக்கிட்டுவிடலாம். 1997இல் வந்த விடை: 70 வயதுக்குள் 56 சதவீதம். இந்த முறையை 1998இல் விரிவாக எழுதியவர்கள், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் உயிர்ப்புள்ளியியலாளர் ஷோலோம் வாக்கோல்டரும் அவர் சகாக்களும். இதிலும் ஓட்டை உண்டு: வீட்டில் நோயைப் பார்த்தவர்களே முந்திக்கொண்டு கை நீட்டுவார்கள். பிறழ்வு உள்ள பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வு, 80 வயதுக்குள் பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 72 சதவீதம், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 69 சதவீதம் என்றது. எண்கள் வேறு வேறுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வயதும் உண்டு, யாரை எண்ணினார்கள் என்பதும் உண்டு. உங்கள் 87க்கு இரண்டும் கிடையாது. ‘உறுதி’ மட்டும் இருக்கிறது.

சொல்லத் தொடங்கிவிட்டதால் பழைய பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு ‘புற்றுநோய் மரபணு கண்டுபிடிப்பு’ போடுகிறீர்களே, அதே வாக்கோல்டரும் சகாக்களும் 2004இல் இதற்கும் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஆயிரம் மரபணு வேறுபாடுகளைச் சோதிக்கிறோம், ஒன்றுக்குத்தான் நோயோடு உண்மையான தொடர்பு என்று வையுங்கள். வழக்கமான 5 சதவீத அளவுகோலில், அதாவது தொடர்பே இல்லாதவற்றிலும் நூற்றுக்கு 5 தேறிவிடும் அளவுகோலில், தற்செயலாகத் தேறுபவை ஏறத்தாழ 50. உண்மையானது, ஆய்வு போதிய அளவு பெரியதாக இருந்தால், 1. தாங்கள் பெருந்தன்மையோடு 51க்கும் தலைப்புக் கொடுக்கிறீர்கள்.

‘அம்மா வழியில் யாருக்கும் இல்லையென்றால் கவலை வேண்டாம்’ என்று முன்பு ஒரு பெட்டிச் செய்தியும் வந்தது. அப்பாவுக்குப் பிறழ்வு இருந்தால் அவரிடமிருந்தும் பிள்ளைக்குப் பாதி வாய்ப்புதான். அத்தைமார், அப்பாவைப் பெற்ற பாட்டி எல்லோரையும் கேட்க வேண்டும்: இப்போதைய வயது அல்லது இறந்த வயது, நோய் கண்ட வயது, ஒரு பக்க மார்பகத்திலா இரு பக்கமுமா, சினைப்பையில் வந்ததா (இதே பிறழ்வு சினைப்பைப் புற்றுக்கும் வழிவகுக்கும்). ‘வயிற்றுக் கட்டி’ என்று வீட்டில் சொல்லிவைத்தது சினைப்பைப் புற்றாக இருந்திருக்கலாம். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்ட பெண்ணை ‘நோய் வராதவர்’ பட்டியலில் அப்படியே சேர்த்தாலும் கணக்கு பிசகும். ஆண்களே நிறைந்த குடும்பத்தில் பிறழ்வு மூன்று தலைமுறை வெளியே தெரியாமலும் இருக்கும்.

அடுத்த இதழில் 2 வரித் திருத்தம் போதும். இனிமேல் சதவீதம் அச்சிடும்போது, எந்த வயதுக்குள், எந்தக் கூட்டத்தில் எண்ணியது என்பதையும் பக்கத்தில் போடுங்கள். இடம் இல்லையென்றால் படத்தைச் சற்றுச் சுருக்கலாம்; புள்ளியியல் ஆய்வைப் பற்றிய கட்டுரைக்கு அவ்வளவு பெரிய நுண்ணோக்கி தேவையில்லை.

இப்படிக்கு,
உயிர்ப்புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை