எஞ்சின் பலகையை மீட்டுத் தந்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் கடல்தொழில் செய்யும் அண்ணன் தம்பிமார்க்கும் வணக்கம்.

சுனாமிக்கு மறு ஆண்டான 2005இல் என் தந்தையாருக்கு நிவாரணமாகக் கிடைத்த ஃபைபர் படகு, ஏழு வாரம் கரையில் கிடந்த பின்பு சென்ற வாரம் மீண்டும் கடலில் இறங்கியது. கைகொடுத்தவர்களுக்கு வாயால் சொன்ன நன்றி போதாது என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, நாகப்பட்டினத்தில் ஃபைபர் வேலை செய்யும் மேஸ்திரி ஐயாவுக்கு. எஞ்சின் ஆட்டம் காண்கிறது, போல்ட்டை இறுக்கி மேலே இரண்டு மேட் (கண்ணாடியிழை விரிப்பு) ஒட்டித் தாருங்கள் என்றுதான் நான் கேட்டேன். அவரோ சிறு சுத்தியலை எடுத்து, எஞ்சினைத் தாங்கும் பின்பலகை நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரங்களில் கணீரென்று கேட்ட ஓசை, எஞ்சின் அமரும் இடத்தில் மந்தமாக அமுங்கியது. துளையிட்டதும் கறுத்த மரத்தூளும் தண்ணீரும் வெளிவந்தன. போல்ட் துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் இறங்கிய உப்புநீர், ஃபைபர் உறைக்குள் இருந்த பலகையை ஊறிய அவலைப்போல் ஆக்கியிருந்தது. "கூலியே வேண்டாம் தம்பி, இதன்மேல் மேட் ஒட்டச் சொல்லாதே" என்று அவர் மறுத்தார். அந்த மறுப்புக்கே நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன்.

வெளியுறையை அப்படியே விட்டு, உள்ளுறையை மட்டும் அறுத்தெடுத்து, அழுகிய மரத்தைச் சுரண்டிய பின், ஈரம் முற்றும் காயும்வரை எங்களைப் பத்து நாள் காக்க வைத்தார். பிறகு ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட் (நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை) இரண்டை ரெசின் என்னும் பிசின் பூசி ஒட்டி, மேட்டும் ரோவிங் என்னும் கண்ணாடியிழை நெசவும் மாறி மாறிப் போட்டு, ஓரங்களைச் சரிவாக இழைத்துப் பழைய உடலோடு இணைத்தார். போல்ட் துளைகளை முதலில் பெரிதாகப் போட்டு, ரெசின் கலவையால் அடைத்து, அது இறுகிய பின் நடுவில் அளவான துளை போட்டார். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

நான் செய்த உதவியைவிடக் கெடுதலே அதிகம். சித்திரை வெயிலில், ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டைக் கூடுதலாக ஊற்றியதில் அரை வாளி ரெசின் புகைந்து கல்லாயிற்று. மறுநாள், இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலக்கப்போன என் கையைத் தட்டிவிட்டு, அது வெடிக்கும் என்று அதட்டிய உதவியாளர் தம்பிக்கு என் பத்து விரல்களும் நன்றி சொல்கின்றன.

விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையிலிருந்த மெக்கானிக் அண்ணன், டீசல் எஞ்சினை இறக்கவும் ஏற்றவும் வந்ததோடு, விசிறித் தண்டைத் தாங்கும் புஷ்ஷையும் மாற்றிக் கொடுத்தார். எங்களைப் போன்ற ஃபைபர் படகுகளுக்கு அத்தடை இல்லை. மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் அந்நாள்களில் படகு கவிழ்ந்து கிடந்ததைப் பார்க்க வயிறு எரிந்தது. அப்போது என் தம்பியைத் தம் படகில் ஏற்றிக்கொண்டு முழுப் பங்கு கொடுத்த பக்கத்து வீட்டு மாமாவையும், பிளைவுட் வாங்கச் சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்த அத்தையையும் எங்கள் வீடு மறவாது. அத்தை இன்றும் தலைச்சுமையாக மீன் விற்பவர்.

படகு இறங்கிய அன்று மேஸ்திரி ஐயா அதே சுத்தியலால் மீண்டும் தட்டிப் பார்த்தார். ஓசை ஒரே சீராக இருந்தது.

பலகையை நெருக்கிப் பிடிக்க இரவல் வாங்கிய கிளாம்புகளில் இரண்டு யாருடையவை என்று தெரியவில்லை. உரியவர் சொல்லியனுப்பினால், ஒட்டியிருக்கும் ரெசினைச் சுரண்டிவிட்டு நானே கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
படகுக்காரரின் மூத்த மகன்