பள்ளக்காணி வேறு, கடல்மட்டத்துக்குக் கீழான நிலம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினால் மட்டக்களப்பு வாவியோரக் கிராமங்களில் ஒரு பேச்சு எழும்: "எங்கட இடம் கடலை விடத் தாழ்வு. போனில பார்த்தால் மைனஸ் தொண்ணூறு என்று காட்டுது." அதைத் தொட்டு ஒரு யோசனையும் வரும்: "ஒல்லாந்துக்காரன் செய்த மாதிரி சுற்றிவர அணை கட்டித் தண்ணியை இறைத்துவிட்டால் பள்ளக்காணி எல்லாம் வயலாகும், வளவாகும்." பேச்சும் பிழை, யோசனையும் பிழை. பேச்சால் வருவது வீண் பயம் மட்டுமே. யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் திரும்ப மீட்க முடியாத நட்டம் வரும் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் தொலைபேசிக் கணக்கு. செய்மதி சொல்லும் உயரம் கடலிலிருந்து அளந்தது அல்ல. பூமியை ஒழுங்கான, சற்றே தட்டையான கோளமாக வைத்துக்கொண்டு, அந்தக் கணிதப் பரப்பிலிருந்து அளந்தது. உண்மையான கடல்மட்டமோ பூமியின் ஈர்ப்பைப் பின்பற்றி எழுந்தும் தாழ்ந்தும் கிடக்கிறது. உலகிலேயே அது மிக ஆழமாகத் தாழும் இடம் இலங்கைக்குத் தென்மேற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. கணிதப் பரப்பை விட அங்கே கடல்மட்டம் ஏறத்தாழ 106 மீற்றர் கீழே. எங்கள் கரைகளில் அந்த வித்தியாசம் 90 முதல் 100 மீற்றர் வரை வரும். இந்தத் திருத்தத்தைச் செய்யாத செயலி, கல்லடிக் கடற்கரையில் மணலில் நின்று பார்த்தாலும் மைனஸ் தொண்ணூறு சொச்சம்தான் காட்டும். செய்மதி ராடார் தந்த உயர வரைபடங்களிலும் சில மீற்றர் பிழை உண்டு. தென்னை ஓலையையும் கூரையையும் நிலமென்று எடுத்துக்கொள்ளும். அரை மீற்றர் ஏற்றத்தாழ்வில் வெள்ளம் தீர்மானமாகும் ஊருக்கு அது உதவாது. நில அளவைத் திணைக்களம் உயரம் அளந்து பதித்த மட்டக்குறியில் தொடங்கி, லெவல் கருவியும் அளவுக்கோலும் வைத்து, புறப்பட்ட குறிக்கே திரும்பி வந்து பிழை பார்த்த அளவே அளவு.

கருவி இல்லாமலே இதற்கு ஒரு சாட்சி எங்கள் கண்முன் இருக்கிறது. வெள்ளம் ஏறும்போது பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் மணல்திட்டை வெட்டிவிடுகிறார்கள். வாவி கடலுக்குள் இறங்குகிறது, வயல்களில் நின்ற நீர் வடிகிறது. நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருந்தால் நடப்பது நேர் எதிர்: வெட்டிய வாயால் கடல்தான் உள்ளே வரும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வாவியோர வயல்கள் தாழ்ந்தவை, சில இடங்களில் கடல்மட்டத்துக்கு மேலே முழங்கால் அளவுதான். ஆனாலும் மேலேதான்.

உலகில் உண்மையிலேயே கடல்மட்டத்துக்குக் கீழே உலர்ந்து கிடக்கும் நிலங்கள் இரண்டு வகை. இயற்கையானவை பெரும்பாலும் வறண்ட நாடுகளிலேயே உள்ளன. சாக்கடலின் கரை 430 மீற்றருக்கும் கீழே. யோர்தான் ஆற்றுநீரை மேலேயே திருப்பிவிட்டதாலும், உப்பும் பொட்டாசும் எடுக்க நீரை ஆவியாக்குவதாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் இன்னும் இறங்குகிறது. ஜிபூத்தியின் அசால் ஏரி 155 மீற்றர், சீனாவின் துர்ப்பான் பள்ளம் 154, எகிப்தின் கத்தாரா 133, கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கு 86 மீற்றர் கீழே. இவை நிரம்பாமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: வந்து சேரும் நீரை விட வெயில் குடிக்கும் நீர் அதிகம். ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பங்கு சில மாதங்களுக்குள் கொட்டும் மட்டக்களப்பில் அப்படியொரு பள்ளம் இருந்தால் அது நிலமாக இராது, குளமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வகை மனிதர் இறக்கிய நிலம். எங்கள் கோட்டையை 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், அதற்கு முன்பே 1612 இல் பேம்ஸ்டர் என்ற ஏரியைக் காற்றாலைகளால் இறைத்து வயலாக்கியிருந்தார்கள். 1849 முதல் 1852 வரை மூன்று நீராவி நிலையங்களை ஓட்டி ஹார்லம் ஏரியை வற்றவைத்தார்கள். ஸ்கிப்போல் விமான நிலையம் இன்று அந்த ஏரித்தரையில், கடல்மட்டத்துக்குச் சுமார் மூன்று மீற்றர் கீழே இருக்கிறது. நெதர்லாந்தின் கால்பங்கு நிலம் இப்படிக் கீழே கிடக்கிறது. மிகத் தாழ்ந்த இடம் 6.76 மீற்றர்.

எல்லாரும் பாராட்டும் இந்தக் கதையில் சொல்லாமல் விடப்படும் பகுதி ஒன்று உண்டு. அந்தத் தாழ்ந்த நிலத்தின் பெரும்பகுதி ஆதியில் ஏரியாக இருக்கவில்லை, கடல்மட்டத்துக்கு மேலே இருந்த முற்றா நிலக்கரிச் சதுப்பாகவே, அதாவது நீரில் உக்காமல் படிந்த தாவர மக்காகவே இருந்தது. வடிகால் வெட்டியதும் நீர் போய் மண் சுருங்கியது. காற்றுப்பட்ட தாவர மக்கு உக்கி வாயுவாகப் போனது. நிலம் இறங்க வடிகாலை ஆழமாக்கினார்கள்; ஆழமாக்க நிலம் மேலும் இறங்கியது. இங்கிலாந்தின் ஹோம் சதுப்பில் 1851 இல் ஓர் இரும்புத் தூணை, தலை தரையோடு தரையாக இருக்கும்படி இறக்கினார்கள். தூண் அசையவில்லை, நிலம்தான் இறங்கியது. இன்று அந்தத் தூண் சுமார் நான்கு மீற்றர் வெளியே நிற்கிறது. கீழே நிற்கும் ஆளின் தலைக்கு மேல் இன்னோர் ஆள் உயரம். நியூ ஓர்லியன்ஸ் நகரத்தின் பாதி இதே வழியில் தாழ்ந்தது. 2005 ஓகஸ்ட் கத்ரீனா சூறாவளியில் கால்வாய்ச் சுவர்கள் உடைந்தபோது இறைப்பு நிலையங்களும் நின்றுபோயின. வடக்கு ஜகார்த்தா நிலத்தடி நீரை உறிஞ்சியே தாழ்கிறது.

எங்களுக்கு மண்ணாலும் மழையாலும் கிட்டிய உதாரணம் கேரளத்தின் குட்டநாடு. அங்கே கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு மீற்றர், இரண்டு மீற்றரில் நெல் விளைகிறது. வேம்பநாட்டுக் காயலின் களியைத் தோண்டி, தென்னங்குற்றிகளை நெருக்கமாக இறக்கி, இடையே களியை மிதித்து வரம்பு கட்டுகிறார்கள். தென்மேற்கு மழை ஓய்ந்தபின் உள்நீரை இறைத்து விதைக்கிறார்கள். இறைக்கும் கருவிக்குப் பெட்டியும் பறையும் என்று பெயர்: மர உருளைக்குள் நிமிர்ந்து நிற்கும் தண்டில் விசிறி சுழன்று, பெருந்தொகை நீரைச் சிறிய உயரத்துக்குத் தூக்கிப் பெட்டி வழியே வெளியே தள்ளும். கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் நாங்கள் பாவிக்கும் வோட்டர் பம் இதற்கு எதிர்: கொஞ்ச நீரை உயரத்துக்குத் தூக்கச் செய்யப்பட்டது. வயல் வடிக்க அதை வைத்தால் எரிபொருள்தான் போகும்.

கணக்கைப் பார்ப்போம். 100 ஏக்கர் வயற்கண்டம், ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை. விழும் நீர் சுமார் 40,500 கன மீற்றர். அதை 24 மணித்தியாலத்தில் வெளியேற்ற, செக்கனுக்கு 470 லீற்றர் இறைக்க வேண்டும். நான்கு அங்குல வோட்டர் பம் நல்ல நிலையில் செக்கனுக்கு 25 லீற்றர் தரும். ஆக, 19 இயந்திரங்கள் இரவுபகல் நிற்காமல் ஓட வேண்டும். இரண்டு மீற்றர் உயரத்துக்குத் தூக்கும் தகுந்த விசிறிப் பம் என்றால் ஏறத்தாழ 25 குதிரைவலு போதும். ஆனால் எங்கள் மாரியில் 200 மில்லிமீற்றர் கொட்டும் நாளும் உண்டு. அணைக்கடியால் ஊறும் நீர் இதில் சேரவில்லை. மேட்டிலிருந்து ஓடிவரும் நீரைச் சுற்றுவாய்க்கால் வெட்டி வெளியே திருப்பாவிட்டால் அதுவும் உள்ளே வரும். புயலடித்து மின்சாரம் அறுந்த இரவில்தான் இவ்வளவும் ஓட வேண்டும் என்பதை 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.

குட்டநாட்டிலும் 2018 வெள்ளத்தில் வரம்புகள் உடைந்தன. உவர் ஏறாமல் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் கட்டிய அணையை மாரி முடிந்து மாதக்கணக்கில் மூடி வைப்பதால் உள்நீர் தேங்கி அழுக்காகிறது, ஆகாயத்தாமரை மண்டுகிறது, உவரும் நன்னீரும் மாறிமாறி வேண்டிய மீனும் இறாலும் குறைகின்றன. இந்த வாவியை நம்பிச் சீவிக்கும் மீனவக் குடும்பங்களை வைத்து அதை யோசிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து இரண்டு, இரண்டும் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாதவை. ஒன்று, அடியிலிருந்து ஏறும் உப்பு. வாவிக்கும் கடலுக்கும் இடையேயுள்ள எழுவான்கரையின் மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் சுமார் 2.5 வீதம் பாரம் கூடியது. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் தாங்கும். அதே கணக்கில், நிலத்தடி நீரை 10 சென்ரிமீற்றர் நிரந்தரமாக இறக்கினால், காலப்போக்கில் உவர் நான்கு மீற்றர் மேலே வரும். மட்டத்தைக் கடலுக்குக் கீழே கொண்டுபோனால் தாங்கவே நன்னீர் இராது. பக்கத்து வளவுக் கிணறுகள் முதலில் போகும்.

மற்றது அமிலம். கண்டல் வளர்ந்த வாவிச் சேற்றில் இரும்புச் சல்பைட்டு இருக்கும். நீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. வடித்துக் காற்றுப்பட்டால் கந்தக அமிலமாகிறது. மாத்தறையில் நில்வளா கங்கை வெள்ளத்தடுப்புத் திட்டத்தில் அணையும் இறைப்பு நிலையங்களும் ஒழுங்காகக் கட்டப்பட்டன. வடிந்த வயல்கள் அமிலமாகி, நெல் பிடிக்காமல் பல ஏக்கர் கைவிடப்பட்டது. அறிகுறிகளை எந்த விவசாயியும் காணலாம்: வாய்க்காலில் செம்பழுப்புப் படிவு, வெடிப்புகளில் வைக்கோல் மஞ்சள் கீறல், கலங்காமல் கண்ணாடி போல் தெளிந்து நிற்கும் நீர். அந்தத் தெளிவைப் பார்த்து நல்ல தண்ணீர் என்று ஏமாறக் கூடாது. அமிலத்தில் கரைந்த அலுமினியம் சேற்றைத் திரட்டி அடியில் படியவைத்ததால் வந்த தெளிவு அது. முன்கூட்டிச் சோதிப்பதும் கடினமல்ல. அரை மீற்றர், ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் ஆழங்களில் சேறு எடுத்து, அன்றே அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளக்க வேண்டும். பிறகு மெல்லிய படையாகப் பரப்பி, காயவிடாமல் ஈரத்தோடு காற்றில் எட்டு வாரம் வைத்துத் திரும்ப அளக்க வேண்டும். 4 க்குக் கீழே போனால் அந்த நிலத்தை வடிக்கக் கூடாது. சுண்ணாம்பு போட்டுத் திருத்தலாம் என்பார்கள். ஏக்கருக்குத் தொன் கணக்கில் போட்டும் தீராது.

உவர் ஏறாமல் தடுக்கும் தாழ்ந்த அணையை நாங்கள் எதிர்க்கவில்லை. அதன் மதகில் வாவிப்பக்கமாகத் திறக்கும் தொங்குகதவு வைத்தால், வாவி தாழும்போது வயல்நீர் தானாக வெளியேறும், வாவி உயரும்போது கதவு தானாக மூடும். கெடுவது ஒரே இடத்தில்: பிளாஸ்ரிக் போத்தலோ நீரில் மிதக்கும் சல்பினியாப் பூண்டோ கதவில் சிக்கினால் அது முழுதாக மூடாது, ஒரே இரவில் உவர் வயலுக்குள் இருக்கும். முன்னால் கம்பித்தட்டி போட்டு, கிழமைக்கு ஒருமுறை வயல் காரியம் பார்க்கும் வட்டவிதானையோ விவசாய அமைப்போ பார்க்க வேண்டும்.

உயர்த்திப் போடும் ஒவ்வொரு வீதியும் வெள்ளத்தை மறிக்கும் ஓர் அணைதான். பழைய மதகின் அகலத்தைக் குறைத்துக் குழாய் பதிப்பதை நிறுத்த வேண்டும். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத் தோணாக்களை, அதாவது மழைநீரை வடிக்கும் ஓடைகளை, மண் போட்டு நிரப்புவதும் குப்பை கொட்டுவதும் அதே கேட்டைத்தான் செய்கின்றன.

பொறுப்பானவர்களிடம் எங்கள் கோரிக்கை: அடுத்த பெரும்போகத்துக்கு முன், ஒக்டோபருக்குள், வாவியோர மதகுகள் எல்லாவற்றிலும் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக மட்ட அளவு எழுதுங்கள். பூச்சியம் எல்லா மதகிலும் ஒரே சராசரிக் கடல்மட்டமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மதகின் அடித்தளத்தையும் பூச்சியமாக வைத்தால், வெள்ளம் எந்தப் பக்கம் சரிகிறது, முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதை அந்தக் கோடுகளை வைத்து யாரும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
நீர்ப்பாசன, நில அளவை வேலைகளில் இருந்தோர் சிலர்
மட்டக்களப்பு