பரிசு வேண்டாம், கைமாற்று கொடுங்கள்

தருமபுரி மாவட்டத்தில் ஆண்டுதோறும் மாணவர் பாராட்டு விழா நடத்தும் சங்கங்கள், அறக்கட்டளைகள், முன்னாள் மாணவர் மன்றங்கள், ஊர்ப் பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் அரூரில் ஜெராக்ஸ் கடையும் அதோடு சேர்ந்த இ-சேவை மையமும் நடத்துகிறவள். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். விழா அழைப்பிதழைத் தட்டச்சு செய்ய என்னிடம்தான் வருகிறீர்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று இரண்டு பக்கம் ஓடும். பரிசு பெறும் பிள்ளைகளின் பெயர் கடைசிப் பக்கத்தில், அதுவும் மூன்றே மூன்று. கிண்டலுக்காகச் சொல்லவில்லை; சரி, கொஞ்சம் கிண்டல்தான். ஆனால் கைக்காசைப் போட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு விழா எடுக்கிறவர்களை நான் குறைத்து எடைபோட மாட்டேன். அந்தப் பணம் போய்ச் சேருகிற ஆளும் சரியில்லை, போகிற மாதமும் சரியில்லை என்பதுதான் என் வழக்கு.

முதலில் ஆள். அறுநூற்றுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு எடுத்த பிள்ளைக்கு நீங்கள் மேடையில் பத்தாயிரம் ரூபாய்க் காசோலை தருகிறீர்கள். அந்தப் பிள்ளையின் வாசலில் அதற்குள் தனியார் கல்லூரிக்காரர்கள் வந்து நின்றிருப்பார்கள். கட்டணம் வேண்டாம், விடுதிச் செலவு வேண்டாம், எங்களிடம் சேர்ந்தால் போதும் என்பார்கள். பள்ளி நிர்வாகம் ஒரு தொகை கொடுத்திருக்கும். உறவுக்காரர்கள் கொடுத்திருப்பார்கள். உங்கள் பத்தாயிரம் அந்தக் குவியலின் மேல் போய் உட்காரும். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் அரசே கைவிட்டுவிட்டது. பிள்ளைகளுக்குள் வீண் போட்டியும் மன உளைச்சலும் வேண்டாம் என்றுதான். அரசு கீழே இறக்கி வைத்ததை நாம் பிளக்ஸ் பேனரில் தூக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நானூற்றுப் பன்னிரண்டு எடுத்த பிள்ளையைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் என் கவுண்டருக்கு வருகிற கூட்டத்தில் முக்கால்வாசி இந்தப் பிள்ளைகள்தான். சித்தேரி மலையிலிருந்தோ கோட்டப்பட்டிப் பக்கத்திலிருந்தோ அம்மாவோடு வந்து இறங்குவாள். கையில் துணிக்கடை பிளாஸ்டிக் பை. அதற்குள் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, குடும்ப அட்டை, அம்மாவின் ஆதார் எல்லாம் நாலாக மடித்து இருக்கும். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட ஐம்பது ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் இரண்டே ரூபாய். இதுவரை சிக்கல் இல்லை. ஆதார் எண்ணை அடித்தவுடன் ஓடிபி போகும். அது போகிற எண் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் அக்கா கணவருடையது. அவர் சாரத்தின் மேல் நிற்பார், போனை எடுக்க மாட்டார். பத்து நிமிடத்தில் அந்த ஓடிபி காலாவதி. மறுபடி அனுப்பு. மத்தியானச் சோற்று வேளையில் அவர் எடுத்து எண்ணைச் சொல்வதற்குள் இணையம் படுத்துவிடும். கடைசி பஸ் போய்விடும் என்று அம்மா எழுந்து நிற்பாள்.

வருமானச் சான்றுக்கு அறுபது ரூபாய் கட்டிப் பதிந்தால் அது கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், தாசில்தார் அலுவலகம் போய் வர வேண்டும். வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளைக்குத் தரும் முதல் பட்டதாரிச் சான்றும் இதே வழிதான். பழங்குடிச் சான்று இல்லாத பிள்ளை என்றால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அந்தக் கதையைத் தனியாக ஒரு மடலில்தான் எழுத முடியும், இங்கே வேண்டாம்.

இத்தனையும் தாண்டி இடம் கிடைத்துவிடும். அரூரிலோ, காரிமங்கலம் மகளிர் கல்லூரியிலோ, நல்ல கட்ஆப் இருந்தால் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ கிடைக்கும். அதன்பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. மரவள்ளி பிடுங்கிக் காசு பார்ப்பது தை, மாசியில். கல்லூரி பணம் கேட்பது ஆனி, ஆடியில். சேர்க்கைக் கட்டணம், சீருடைத் துணி, தையல் கூலி, விடுதியில் தட்டு, பக்கெட், பெட்டி, பொறியியல் என்றால் டிராஃப்டரும் கால்குலேட்டரும். அரசுக் கல்லூரியில் கூட எல்லாம் சேர்ந்து ஐயாயிரம், ஆறாயிரம் தொட்டுவிடும். வீட்டில் அந்த நேரத்தில் ஐந்நூறு ரூபாய் இருக்காது.

உதவித்தொகை இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. நம் மாநிலம் இந்த விஷயத்தில் கை சுருக்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் ஏழரை விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் பிடித்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதெல்லாம் வரும். எப்போது வரும்? கல்லூரி திறந்து, விவரங்களை அவர்கள் கணினியில் ஏற்றி, சரிபார்த்து, அனுப்பி, பெயரில் இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தகராறு தீர்ந்த பிறகு வரும்.

அப்போதும் எங்கே வரும் என்று ஒரு கேள்வி இருக்கிறது. போன ஆண்டு ஒரு பெண் மாதக்கணக்கில் பணம் வரவில்லை என்று என் கடையில் அழுதாள். பார்த்தால் பணம் மாதாமாதம் விழுந்துகொண்டிருக்கிறது. எட்டாம் வகுப்பில் உதவித்தொகைக்கான தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு எழுதித் தேறியபோது அவளுக்கு ஒரு கணக்கு, பிறகு தபால்காரர் வீட்டுக்கே வந்து தொடங்கிக் கொடுத்தது ஒன்று, கல்லூரி வளாகத்தில் முகாம் போட்டு ஒரு வங்கி தொடங்கியது ஒன்று. கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார் இணைந்ததோ அங்கேதான் அரசுப் பணம் போகும். அவள் முதல் கணக்கின் பாஸ்புக்கைப் பதிந்து பதிந்து ஏமாந்திருக்கிறாள். இதைச் சொல்லித்தர அவள் வீட்டில் யாரும் இல்லை. அவள்தான் அந்த வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள்.

ஆனியிலிருந்து மார்கழி வரை உள்ள இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் உதிர்கிறார்கள். ஆனியில் கல்லூரிக்கு அனுப்ப முடியாத பெண்ணுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறிப்பது நம் மாவட்டத்தில் நடக்காத ஒன்றா? ஓசூர்ப் பக்கம் ஆலைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள்; அங்கே போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆலை வேலை கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே சம்பாதித்துத் தம்பியைப் படிக்க வைத்த பெண்களை எனக்குத் தெரியும், அவர்கள் முன் நிற்கக் கூட நமக்குத் தகுதி போதாது. ஆனால் படிக்கலாமா வேலைக்குப் போகலாமா என்று யோசித்துப் போகிறவள் வேறு, ஐயாயிரம் ரூபாய் புரளாததால் போகிறவள் வேறு.

ஆகவே என் வேண்டுகோள். பரிசுத் தொகையை நிறுத்துங்கள். முதலிடம் பிடித்த பிள்ளைகளுக்குச் சால்வை போடுங்கள், நல்ல அகராதி ஒன்று வாங்கிக் கொடுங்கள், கை தட்டுங்கள். ரொக்கத்தைக் கைமாற்றாகக் கொடுங்கள். அரசு தரப்போகிற பணம்தான் இது. நாள் மட்டும் தள்ளிப்போகிறது. அந்த நாளை நீங்கள் முன்னால் இழுத்துக் கொடுத்தால் போதும். ஒரு பிள்ளைக்கு ஐயாயிரம், வட்டி இல்லை, உதவித்தொகை விழுந்ததும் மாதம் ஐந்நூறாகத் திருப்பித் தரட்டும். திரும்பி வந்த பணம் அடுத்த ஆனியில் வேறொரு பிள்ளைக்குப் போகும்.

திரும்பி வருமா என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். சில வராது. நீங்கள் கொடுத்த ஷீல்டுகள் திரும்பி வந்தனவா? தவிர, இந்தக் கேள்வியைத் தருமபுரிக்காரர்கள் கேட்கவே கூடாது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது, 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, நம் மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரியும் அப்போது நம்மோடு இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாக்கள் வாரச் சந்தாவை நாள் தவறாமல் கட்டிக் காட்டிய மண் இது. கைமாற்றுக் கணக்கை அந்தக் குழுக்களில் ஒன்றிடம் ஒப்படையுங்கள். உங்கள் பொருளாளரைவிட ஒழுங்காக வசூலித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேடையேற்றுகிற முதல் மதிப்பெண் பிள்ளைக்கே நீங்கள் நல்லது செய்யவில்லை என்பது என் எண்ணம். சில ஆண்டுகளுக்கு முன் நம் அரூர் கச்சேரிமேட்டில் ஒரு பெண்ணின் படத்தை ஆள் உயரத்துக்கு வைத்தீர்கள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள், மிக நல்ல மதிப்பெண். பொறியியல் சேர்ந்தாள். முதல் பருவத்தில் கணக்கில் அரியர், அடுத்த பருவத்தில் இன்னும் இரண்டு. வகுப்பில் ஆங்கிலத்தில் வேகமாகப் போகும் பாடத்தைப் பிடிக்க ஒரு வருடம் ஆகும், அது யாருக்கும் ஆகும். ஆனால் விடுமுறையில் ஊருக்கு வந்தவள் பஸ் ஸ்டாண்டில் இறங்காமல் முந்திய நிறுத்தத்தில் இறங்கி நடந்து போனாள். அந்த பிளக்ஸ் இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தேர்வு மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட என் கடைக்கு வந்தபோது, அக்கா, யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள். மூன்று பாடத்தில் தேறாதது அவளுக்கு ஏதோ திருடிவிட்ட குற்றம்போல் ஆகியிருந்தது. பிறகு எல்லாவற்றையும் எழுதித் தேறிவிட்டாள். அதற்கு யாரும் பேனர் வைக்கவில்லை. நானாக இருந்தால் அதற்குத்தான் வைத்திருப்பேன்.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒரு கதவைத் திறக்கும், அவ்வளவே. நம் பகுதியில் சில விடுதிப் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பை உருப்போட வைத்து எடுத்த மதிப்பெண்களை நாம் மறந்துவிடவில்லை. அந்த மதிப்பெண்ணோடு கல்லூரிக்குப் போய்த் திணறியவர்களையும் மறக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டோடு போய் மூன்று வருடம் ஒரு வகுப்பு தவறாமல் உட்கார்ந்து, இன்று அரசுத் தேர்வு எழுதி வேலையில் இருப்பவர்கள் என் கடைக்குத் தங்கைக்கு விண்ணப்பம் போட வருகிறார்கள்.

பணம் இல்லாத சங்கங்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மே மாதம் தேர்வு முடிவு வந்த மறுநாளே பஸ் ஸ்டாண்டில் தரகர்கள் சுற்றத் தொடங்கிவிடுவார்கள். கலந்தாய்வு வரை காத்திருந்தால் இடம் போய்விடும் என்று பயமுறுத்தி, முன்பணம் வாங்கி, தனியார் கல்லூரி தானே நிரப்பிக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுவார்கள். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால்தான் கிடைக்கும் என்பதை அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு அப்போது யாரும் சொல்வதில்லை. அசல் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கல்லூரிகள் அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் (ஏஐசிடிஇ) தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. இதையெல்லாம் விழாவில் ஒரு மணி நேரம் பேசும் சிறப்பு விருந்தினர் அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து சொன்னால் எத்தனை குடும்பம் தப்பிக்கும்.

கைமாற்று கொடுப்பதானால் ஒரு நிபந்தனை உண்டு. வாங்குகிற பிள்ளையின் படத்தை எங்கும் போடாதீர்கள். மேடைக்குக் கூப்பிடாதீர்கள். யாருக்குத் தேவை என்பது பள்ளித் தலைமையாசிரியர்களுக்குத் தெரியும், கேட்டால் சொல்லிவிடுவார்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருவத் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் ஐப்பசியில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

விண்ணப்பம் போடுவதற்கும் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதற்கும் அந்தப் பிள்ளைகளிடம் நான் காசு வாங்க மாட்டேன். அரசுக் கட்டணத்தை மட்டும் அவர்கள் கட்டினால் போதும். பேசி முடிவெடுக்க வருவதானால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள். மற்ற நாட்களில் மே, ஜூனில் என்னால் நாற்காலியை விட்டு எழ முடியாது.

இப்படிக்கு,
அரூர் இ-சேவை மையக்காரி ஒருத்தி