ராத்திரி வீட்டுக்குள் திருடன் வந்தால்: ஞாயிறு கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

செவ்வாய் இரவு நம் கொழிஞ்சாம்பாறைத் தெருவில் ஒரு வீட்டின் பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் கொடுவாளோடு வயல் வரப்பு வரை துரத்தினார். அவர் பயம் புரிகிறது. ஆனால் ஓடுகிறவன்மேல் ஒரு வெட்டு விழுந்து உயிர் போயிருந்தால் கொலை வழக்கு அவர்மேல்தான். வியாழன் காலை வரை அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மாலை 5 மணி, வாசகசாலை. தற்காப்புச் சட்டம் பற்றிப் பேச சித்தூரிலிருந்து வக்கீல் ஒருவர் வருகிறார்.

1. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 41ஆம் பிரிவு: இருட்டியபின் விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கையில் உயிர் போனாலும் தற்காப்பாகலாம். பகல் திருட்டு என்றால், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான பயம் இருந்திருக்க வேண்டும்.

2. 37ஆம் பிரிவு: தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. ஓடுகிறவன் முதுகில் வெட்டுவதும் கட்டிவைத்து அடிப்பதும் தற்காப்பில்லை. 2018இல் அட்டப்பாடியில் அரிசி திருடினார் என்று மது என்ற பழங்குடி இளைஞரைக் கட்டி அடித்துக் கொன்றார்கள். 2023இல் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. நம் பாலக்காடு மாவட்டத்தில் நடந்தது இது.

3. சத்தம் கேட்டால் விளக்கைப் போடுங்கள், கூப்பாடு போடுங்கள், 112க்கு அழையுங்கள். அப்புறம் குழுவில் சொல்லுங்கள்.

4. வருகிறவர்கள் சனி இரவுக்குள் வீட்டு எண்ணோடு பதில் போடுங்கள். கேள்வி இருந்தால் இப்போதே எழுதுங்கள், வக்கீலிடம் முன்கூட்டியே கொடுக்கிறேன்.