ஒடியா விரதங்களும் மாதக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒடிசாவின் திருவிழாக்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை பூரி தேரோட்டத்தைச் சிறப்பாக விவரித்திருந்தது. ஆனால் வீடுகளில் பெண்கள் நோற்கும் விரதங்களுக்கு ஒரே பத்திதான் கிடைத்திருக்கிறது; அதிலும் தலைப்பிள்ளைக்காகக் கொண்டாடப்படும் பிரதமாஷ்டமி கார்த்திகை மாதத்து விழா என்று குறிப்பிடப்பட்டுள்ளது. நெடுங்காலமாகக் கட்டாக்கில் வாழ்பவள் என்ற முறையில் இதைச் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒடியா சந்திர மாதம் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி அடுத்த பௌர்ணமியில் முடிகிறது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் அமாவாசையோடு மாதம் முடிவதால், வளர்பிறையில் இரு கணக்குகளும் ஒத்துப்போக, தேய்பிறை நாட்கள் மட்டும் வேறு வேறு மாதங்களில் சேர்கின்றன. கார்த்திகப் பௌர்ணமியை அடுத்த தேய்பிறை அஷ்டமியே பிரதமாஷ்டமி. அமாவாசைக் கணக்கில் அது கார்த்திக மாதத்தில் சேர்ந்தாலும், ஒடியாப் பஞ்சாங்கப்படி மார்கசிர மாதம். நம் கோயில்களில் காலபைரவாஷ்டமி நடைபெறுவதும் அன்றுதான். அன்று தலைப்பிள்ளைக்குத் தாய்மாமன் வீட்டுப் புத்தாடை வரும், ஆரத்தி எடுப்பார்கள். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை மஞ்சள் செடியின் இலையில் பரப்பி, தேங்காய் வெல்லப் பூரணம் வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கும் எண்டுரி பிட்டா இல்லாத வீடே இராது. தாய்மாமன் சீரை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இவ்விழா அந்நியமாகத் தோன்றாது.

எல்லா விழாக்களும் திதியைப் பின்பற்றுவதில்லை என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். நமது சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் பணா சங்கராந்தியும், ஜூன் மாத நடுவில் பூமித்தாய்க்கு ஓய்வளித்து ஏர் பூட்டாமல் கொண்டாடும் ரஜ பண்டிகையும் சூரியனின் இராசிப் பெயர்ச்சியைக் கொண்டே அமைகின்றன.

என்னை மிகவும் வருந்தச் செய்தது, மார்கசிர வியாழக்கிழமைகளில் நடைபெறும் மாணபசா விரதம் முற்றிலும் விடுபட்டதுதான். வாசல் முதல் பூசையிடம் வரை அரிசிமாக் கரைசலால் லட்சுமியின் பாதங்களை வரைந்து, புது நெல் நிரப்பிய மரக்காலைத் தேவியாக வைத்து வழிபடுவார்கள். அப்போது படிக்கப்படுவது பலராம தாசர் இயற்றிய லட்சுமி புராணம். தீண்டத்தகாதவளாக ஒதுக்கப்பட்ட சிரியாவின் குடிசைக்கு, அவளது பக்தியை மெச்சி லட்சுமி எழுந்தருள்கிறாள். அதைக் குற்றமென்று கருதிய அண்ணன் பலபத்திரரின் சொல்லுக்குப் பணிந்து, கணவரான ஜகந்நாதர் லட்சுமியைக் கோயிலை விட்டு வெளியேற்றுகிறார். பிறகு அண்ணனும் தம்பியும் சோறின்றி அலைந்து, இறுதியில் அவள் கையாலேயே உண்கின்றனர். பூரியில் சாதி வேறுபாடின்றி எல்லோரும் சேர்ந்து பிரசாதம் உண்ண வேண்டும் என்பதே திரும்பி வர அவள் விதிக்கும் நிபந்தனை. பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்கதையை இன்றும் இல்லத்தரசிகள் வாரந்தோறும் உரக்கப் படிக்கிறார்கள் என்பது, தேரோட்டத்துக்கு எவ்விதத்திலும் குறைந்த செய்தியன்று.

கார்த்திக மாதத்தின் கடைசி ஐந்து நாட்களான பஞ்சுகத்தில் கொக்குகூட மீனைத் தொடாது என்பார்கள்; மீன் பிரியர்கள் நிறைந்த மாநிலத்தில் அந்நாட்களின் கட்டுப்பாட்டை நேரில் கண்டால்தான் நம்ப முடியும்.

ஆகவே, பிற மாநில விழாக்களின் பட்டியலை வெளியிடும்போது தேதியோடு திதியையும், வளர்பிறையா தேய்பிறையா என்பதையும், மாதம் எந்தக் கணக்கின்படி என்பதையும் குறிப்பிடுமாறு வேண்டுகிறேன். மார்கசிரம் தொடங்குவதற்குள் மாணபசா விரதத்தைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றையும் வெளியிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கட்டாக்